மாசாமாசம் முதுகுக்கு ‘சேர்விஸ்’ தேவையா? கைரோபிராக்டிக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் காலி வீதியோரத் தொடர்மாடி ஒன்றில் பிசியோதெரபி செய்கிறேன். நான் கைரோபிராக்டர் இல்லை. ஆனாலும் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆட்கள் என்னிடம் கேட்பது பாதிக்குப் பாதி கைரோபிராக்டிக் பற்றித்தான். கலியாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறார்கள், மயூரபதி கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போதும் கேட்கிறார்கள். போனில் பார்த்த ‘டக் டக்’ வீடியோ ஒன்று, அல்லது யாரோ சொந்தக்காரர் மாதந்தோறும் போய்வருகிற கதை ஒன்று கூடவே வரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

கைரோபிராக்டிக் எண்டால் என்ன அக்கா? எங்கட முறிவு நெரிவு வைத்தியம்தானோ?

இல்லை. இது 1895 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பாமர் தொடங்கியது. காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்த மனிதர். அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த ஹார்வி லில்லர்ட் என்பவருக்குக் காது கேட்பது குறைவு. அவருடைய முதுகில் துருத்தி நின்ற இடத்தைத் தள்ளிவிட்டதும் காது கேட்டது என்று பாமர் சொன்னார். முதுகைத் தட்டக் காது திறந்ததாம்! அந்தக் கதையின் நிழல் இந்தத் தொழிலை இன்னும் விடவில்லை, ஐந்தாவது கேள்வியில் பார்ப்பீர்கள். இன்றைய கைரோபிராக்டர் பெரும்பாலும் செய்வது, ஒரு மூட்டை அது அசையக்கூடிய எல்லைவரை கொண்டுபோய் அங்கே சட்டென்று ஒரு சின்னத் தள்ளு கொடுப்பது. இங்கே அதைச் சொடுக்கு என்றே சொல்கிறேன்.

முறிவு நெரிவு வைத்தியர் பார்ப்பது பெரும்பாலும் விழுந்து முறிந்த கை, சுளுக்கின கால். எண்ணெய், பத்து, மட்டை, கட்டு என்று போகும். சிங்களத்தில் கெடும் பிந்தும். அது நம் நாட்டுப் பரம்பரை, 1961 ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு உள்ள துறை. இரண்டும் கையால் செய்வது என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு.

‘டக்’ எண்டு கேக்குதே, அப்ப விலகின எலும்பு திரும்ப இடத்தில போய் இருக்கிற சத்தமோ அது?

உங்கள் சுட்டுவிரலில் நெட்டி முறித்துப் பாருங்கள். சத்தம் கேட்டதா? விரல் எலும்பு விலகியிருந்து இப்போது இடத்துக்கு வந்ததா? உடனே திரும்ப முறித்துப் பாருங்கள், கேட்காது. ஏறக்குறைய இருபது நிமிடம் போகவேண்டும். மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்தில் அமுக்கம் திடீரென்று குறைய, அங்கே ஒரு வாயுக்குழி உண்டாகிறது. முதுகிலும் அதே சத்தம்தான்.

தள்ளிய பிறகு இலேசாகத் தெரிவது பொய்யில்லை. தசை இறுக்கம் சற்றுத் தளர்கிறது, நோவை உணரும் விதம் கொஞ்ச நேரத்துக்கு மாறுகிறது. ஆனால் முள்ளந்தண்டில் எலும்பு ‘விலகி’ நரம்பை அமுக்கி வருத்தங்களை உண்டாக்குகிறது என்ற பழைய விளக்கத்துக்கு ஆதாரம் இல்லை. பிரித்தானியாவில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்யும் சபையே 2010 இல் இதை ஒப்புக்கொண்டது: அது வரலாற்றில் இருந்த ஒரு கருத்து, நோய்க்கு அதுதான் காரணம் என்று சொல்ல ஆய்வுச் சான்று கிடையாது என்று.

நோ மாறின பிறகும் வரச்சொல்லுகினம். அதுக்கு என்னவோ ‘மெயின்டனன்ஸ்’ எண்டு பேர். அது என்ன?

முதல் கட்டம் நோவைக் குறைப்பது. கிழமைக்கு ஒன்றிரண்டு தரம், சில கிழமைகள். நோ அடங்கிய பிறகு, திரும்ப வராமல் இருப்பதற்காக இடைவெளி விட்டுப் போய்வருவது பராமரிப்புச் சிகிச்சை. ஆய்வுகளில் பார்த்தால் மாதத்துக்கு ஒன்றுக்கும் மூன்று மாதத்துக்கு ஒன்றுக்கும் இடையில் இருக்கும். கிழமைக்கு மூன்று தரம், ஆறு மாதம் என்று யாராவது எழுதித்தந்தால் அதைப் பராமரிப்பு என்று சொல்லமுடியாது. ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள்.

சரி, அது வேலை செய்யுமா செய்யாதா? ஒரு சொல்லில சொல்லுங்கோ.

சிலருக்கு, கொஞ்சம். இரண்டு சொல் ஆகிவிட்டது.

இந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்கும் நல்ல ஆய்வு சுவீடனில் நடந்தது, 2018 இல் வெளியானது. 328 பேர். எல்லாரும் திரும்பத் திரும்ப நாரி நோ (கீழ்முதுகு நோ) வருகிறவர்கள், அதுவும் முதல் சில தரச் சிகிச்சையிலேயே நல்ல குணம் கண்டவர்கள். ஒரு பகுதியினர் நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவணைப்படி போனார்கள். மற்றவர்கள் நோ வந்தபோது மட்டும் போனார்கள். ஒவ்வொரு கிழமையும் ‘எத்தனை நாள் தொல்லை தந்தது’ என்று போனில் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஒரு வருட முடிவில், தவணைப்படி போனவர்களுக்கு மற்றவர்களைவிட 12.8 நோ நாட்கள் குறைவு. அதற்காக அவர்கள் கூடுதலாகப் போனது 1.7 தரம்.

வருடத்தில் பன்னிரண்டு பதின்மூன்று நாள். பெரிய விசயமா, சின்ன விசயமா? நாரி பிடித்த அன்று 100 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி வேலைக்குப் போனவரிடம் கேட்டால் பெரிய விசயம் என்பார். அதே தரவைப் பிறகு அலசியபோது வந்த முடிவுதான் எனக்கு இன்னும் முக்கியம். நோவால் வாழ்க்கை குழம்பி, மனமும் சோர்ந்து கிடந்தவர்களுக்குப் பலன் கூட. நோவை ஓரளவு சமாளித்து வேலை வெட்டி பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்குத் தவணைப்படி போனதால் நன்மை இல்லை. அதாவது ஒருபோதும் நாரி நோ வராத ஆளுக்கு மாதம் ஒரு சொடுக்கு நல்லது என்று இந்த ஆய்வைக் காட்டி யாரும் சொல்லமுடியாது. அப்படிப்பட்ட ஆட்கள் அதில் இல்லவே இல்லை.

முதுகுக்கு மட்டும் இல்லையாம். பிரஷர், சீனி, ஆஸ்துமா, அடிக்கடி வாற தடிமன், எல்லாத்துக்கும் நல்லதாம். நோய் எதிர்ப்பு சக்தியும் கூடுமாம்?

இல்லை. பாமரின் காதுக் கதை இப்படித்தான் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வரும். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர் அதை நிற்பாட்டிவிட்டு முதுகைச் சொடுக்கிக்கொண்டிருந்தால் சீனி ஏறும், அவ்வளவுதான். நீண்டகால சுகம் என்ற சொல்லை விளம்பரத்தில் கண்டால், ‘நாரி நோ நாட்கள் கொஞ்சம் குறையலாம்’ என்று மனதுக்குள் மாற்றி வாசியுங்கள்.

கைக்குழந்தைக்கும் செய்யினமாம், வயிற்றுக்குத்துக்கு.

வேண்டாம். 2019 இல் ஆஸ்திரேலியாவின் கைரோபிராக்டிக் சபை, இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முள்ளந்தண்டுச் சொடுக்கு செய்யவேண்டாம் என்று தன் ஆட்களுக்கே இடைக்காலத் தடை போட்டது. அழும் பிள்ளையைப் பிள்ளை டொக்டரிடம் காட்டுங்கள்.

வாகனத்துக்கு சேர்விஸ், பல்லுக்கு கிளீனிங் மாதிரித்தானே? பழுதாகமுதல் பாக்கிறது நல்லதுதானே?

கேட்க நியாயமாக இருக்கும், அதனால்தான் இந்த உவமையை எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். பல்லில் காறை படிந்து கல்லாகிவிட்டால் தூரிகையால் எடுக்க ஏலாது, கருவி வேண்டும். வாகனத்தில் எண்ணெய் கறுத்துப்போனால் மாற்றத்தான் வேண்டும். முள்ளந்தண்டில் அப்படி மாதம் மாதம் சேர்ந்து வழித்தெடுக்கவேண்டிய அழுக்கு எதுவும் இல்லை.

வாகனம் ஓட ஓடத் தேயும். உடம்பு பாரம் சுமக்கப் பழகினால் பலப்படும். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வில்லைகளுக்குள் இரத்தக்குழாய் ஓடுவதில்லை, வளர்ந்தவர்களுக்கு வெளிவிளிம்பில் மட்டும்தான் கொஞ்சம். நாம் நிமிர்ந்து குனிந்து நடந்து திரியும்போது அமுங்கி விரிந்துதான் அவை ஊட்டம் எடுக்கின்றன. கதிரையில் எட்டு மணித்தியாலம் இருந்துவிட்டு மாதம் ஒரு நாள் போய்ச் சொடுக்குவதை அந்த வில்லையின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள்.

எக்ஸ்ரே எடுத்துப் பாத்தவை. முள்ளந்தண்டு தேஞ்சு போச்சாம், கழுத்து வளைவு நேராப் போச்சாம். ஆயுள் முழுக்க வரவேணும் எண்டு சொல்லிட்டினம். உண்மையோ?

ஒரு அம்மா சீலைப் பைக்குள் எக்ஸ்ரே உறையைச் சுருட்டாமல் பிடித்துக்கொண்டு பம்பலப்பிட்டியிலிருந்து வந்தார். கதிரையில் இருக்கமுதலே கையைப் பிடித்து, “பிள்ளை, நான் படுக்கையில விழுந்திடுவனோ?” என்றார். 61 வயது. நோ என்று பார்த்தால் காலையில் எழும்பும்போது அரைமணி விறைப்பு, அவ்வளவுதான். பயம்தான் அவரைக் குனியவிடாமல் வைத்திருந்தது. இரண்டு மாதமாகக் கோலம் போடவில்லை.

நோவே இல்லாத 3110 பேரின் ஸ்கேன் படங்களை அலசிய ஆய்வுத்தொகுப்பு ஒன்று 2015 இல் வந்தது. 20 வயதினரிலேயே 37 வீதத்தினருக்கு வில்லைத் தேய்வு. 80 வயதில் 96 வீதம். தலைமயிர் நரைப்பதுபோல இதுவும். கழுத்து வளைவு நேராகத் தெரிவதும் நோ இல்லாத பலரில் இருக்கிறது. ஆகவே படத்தைக் காட்டி ஆயுள் சந்தா கேட்டால், ‘நோ இல்லாத ஆளின் படம் எப்படி இருக்கும்?’ என்று திரும்பக் கேளுங்கள். அந்த அம்மா இப்போது கோலம் போடுகிறார். எக்ஸ்ரே எங்கே என்று கேட்டேன், அலுமாரிக்கு மேலே என்றார்.

40 தரத்துக்கு முன்காசு கட்டினால் நல்ல கழிவு தருகினம். கட்டலாமோ?

என் சித்தப்பா கட்டினார். எங்கே என்று எழுதமாட்டேன். ஆறாம் தரத்தோடு அவருக்கு நாரி சுகம். சுகம் வந்த சந்தோசத்தில் நிற்பாட்டப் போனார், மிச்சக் காசு திரும்ப வராது என்றார்கள். சித்தப்பா புறக்கோட்டையில் முப்பது வருடம் கடை நடத்திய மனிதர். கட்டின காசை விடுவாரா? மிச்சம் 34 தரமும் போய் முடித்தார், கொட்டும் மழையிலும் ஓட்டோ பிடித்து. ஓட்டோக் காசைக் கணக்கெடுக்கவேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டார்.

சிகிச்சைக்கு உடம்பு எப்படி ஒத்துழைக்கும் என்று முதல் நாளே யாருக்கும் தெரியாது. நான்கு, மிஞ்சினால் ஆறு தரத்துக்குள் மாற்றம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அது உங்களுக்கான வழியில்லை. ஒவ்வொரு தரமும் அன்றன்று காசு கொடுங்கள். கழிவு என்ற சொல்லுக்கு மயங்கவேண்டாம்.

கழுத்தைப் பிடிச்சுத் திருப்புறதைப் பாத்தாலே நெஞ்சு பதறுது. ஆபத்து இருக்கோ?

சொடுக்கிய பிறகு ஒன்றிரண்டு நாள் உளைவு, களைப்பு, தலையிடி பலருக்கு வரும், போய்விடும். கழுத்தில் இன்னொன்று இருக்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகள் கழுத்தெலும்புகளை ஒட்டி ஏறுகின்றன. வேகமாக முறுக்கும்போது நாடியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். மிக அரிது. ஏற்கெனவே கிழியத் தொடங்கிய நாடியால்தான் கழுத்து நோவே வந்ததா, சொடுக்கியதால் கிழிந்ததா என்று பிரித்துச் சொல்வதும் கஷ்டம். அரிது என்றாலும் இழப்பு பெரிது, கிடைக்கும் நன்மையோ சிறிது. அதனால் நான் என் கழுத்தை யாருக்கும் கொடுக்கமாட்டேன். கழுத்தில் சொடுக்கு வேண்டாம், மெதுவான அசைவு போதும் என்று நீங்கள் சொல்லலாம். நல்லவர் கோபிக்கமாட்டார்.

கைரோபிராக்டருக்குப் பயப்படுகிற அதே அண்ணாமார் சலூனில் தலைமயிர் வெட்டி, எண்ணெய் வைத்து, கடைசியில் இரண்டு பக்கமும் ‘மடக் மடக்’ என்று கழுத்தை முறிக்கக் கொடுத்துவிட்டு வருவார்கள். அதை முதலில் நிற்பாட்டுங்கள்.

ஆரார் போகவே கூடாது?

எலும்பு ஐதாகிப்போனவர்கள், புற்றுநோய் வந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், அண்மையில் விழுந்தவர்கள்: முதலில் டொக்டர். காய்ச்சலோடு முதுகு நோ, காரணமின்றி மெலிவு, இரவில் படுத்தாலும் அடங்காத நோ என்றாலும் அப்படியே.

சலம் போகாமல் அடைத்தால் அல்லது தெரியாமல் போனால், கதிரையில் இருக்கும்போது படும் ஆசனப்பகுதி மரத்துப்போனால், கால்கள் பலமிழந்தால், தவணைக்குக் காத்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு உடனே போங்கள். இரவானால் 1990 ஐ அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இதில் மணித்தியாலங்கள் முக்கியம்.

டொக்டர், என் புருஷன் கொட்டாஞ்சேனையில ஒருத்தர்கிட்ட போறாரு. போர்டுல கைரோன்னு போட்டிருக்கு. நெசமா படிச்சவரான்னு எப்படித் தெரியும்?

முதலில், நான் டொக்டர் இல்லை தங்கச்சி. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்: எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம்? உலக சுகாதார நிறுவனம் 2005 இல் சொன்ன அளவு 4200 மணித்தியாலத்துக்குக் குறையாத நேரடிப் படிப்பு, முழுநேரமாக நாலு வருடம். சனி ஞாயிறில் முடிகிற சான்றிதழ் அது இல்லை. பிசியோ என்றால் இலங்கை மருத்துவ சபைப் பதிவைக் கேட்கலாம், நாங்கள் காட்டவேண்டும். படித்தவர் முதல் நாள் அரைமணியாவது உங்கள் வருத்தத்தைக் கேட்பார், காலைத் தூக்கிப் பார்ப்பார், ஊசிமுனையால் தொட்டு உணர்ச்சி பார்ப்பார். வாசலில் செருப்பைக் கழற்றி ஐந்து நிமிடத்தில் கழுத்தில் கைவைத்தால், அல்லது உங்களைக் கேட்காமல் போன் கமெராவைத் திறந்தால், எழும்பி வாருங்கள்.

நீங்கள் பிசியோ. உங்களிட்ட வாற ஆக்கள் குறைஞ்சிடும் எண்டுதானே இப்பிடி எழுதுறீங்கள்?

ஞாயமான சந்தேகம். எங்கள் வீட்டு அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட நாரி நோவுக்கு 2023 மார்கழியில் வழிகாட்டி வெளியிட்டது. அதில் முள்ளந்தண்டுச் சொடுக்கு, நிபந்தனையோடு என்றாலும், செய்யலாம் என்ற பக்கத்தில் இருக்கிறது. செய்யவேண்டாம் என்ற பக்கத்தில் இருப்பவை: இழுவை, அல்ட்ராசவுண்ட், மின்துடிப்புக் கருவி, இடுப்புப் பெல்ட். பிசியோ அறைகளில் வயர் மாட்டி ‘பத்து கரண்ட்’ எழுதித்தருகிறார்களே, அதே சாமான்கள். என் அறையிலும் ஒரு இழுவைக் கட்டில் இருக்கிறது. இப்போது அதன் மேல் துவாய் அடுக்கி வைத்திருக்கிறேன்.

ஆகவே சண்டை கைரோவுக்கும் பிசியோவுக்கும் இல்லை. படுத்திருக்க யாரோ செய்துவிடுவது ஒரு பக்கம், நீங்களே எழும்பிச் செய்வது மறுபக்கம்.

அப்ப நோ திரும்ப வராமல் இருக்க நாங்களாச் செய்யக்கூடியது என்ன?

நடவுங்கள். சிரிக்கவேண்டாம், சான்று இருக்கிறது. 2024 இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரோடு ஒரு ஆய்வு முடிந்தது. எல்லாரும் அப்போதுதான் நாரி நோவிலிருந்து சுகமானவர்கள். ஒரு பகுதியினருக்குப் பிசியோ ஒருவர் ஆறு மாதத்தில் சில தரம் சந்தித்து நடைத்திட்டம் போட்டுக் கொடுத்தார், கிழமைக்கு ஐந்து நாள் அரைமணிவரை ஏற்றிக்கொண்டு போவது. மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. நடந்தவர்களுக்கு நோ திரும்ப வர இடைநிலையாக 208 நாள் எடுத்தது. மற்றவர்களுக்கு 112 நாள்.

கொழும்பில் எங்கே நடக்கிறது என்பார்கள். விடிய ஐந்தரைக்கு மரைன் டிரைவில் கடல் காற்று சும்மா கிடைக்கிறது. சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. வெயில் ஏறினால் தொடர்மாடியின் படிகள் இருக்கின்றன. லிஃப்ட் பழுதான மாதம் நாலாம் மாடி அன்ரி ஒருவரின் முழங்காலும் நாரியும் நல்லாய்ப் போனதை நான் கண்ணால் கண்டேன், அவர் மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

நான் நாட்டாமி வேலைங்க, புறக்கோட்டையில. மூட்டை தூக்குறேன். நடக்கிறது போதாதா? மாசம் ஒருக்கா இழுத்துவிட்டா சரியாயிடுமா?

அண்ணன், உங்கள் நாரி அலுவலகக்காரரின் நாரியைவிடப் பலமானது. 50 கிலோ மூட்டையை ஒரு நாளில் எத்தனை தரம் என்பதுதான் உங்கள் பிரச்சினை. நோ பிடித்து எழும்பும் முதல் கிழமை பாதி அளவு, அடுத்த கிழமை முக்கால். முழுக்கப் படுக்கவேண்டாம், படுத்தால் திரும்பத் தூக்கும்போது இன்னும் பிடிக்கும். கூலி வெட்டாமல் இதற்கு முதலாளி விடவேண்டுமே என்பீர்கள். அதற்குச் சொடுக்கும் இல்லை, என்னிடம் மருந்தும் இல்லை.

எல்லாம் செய்யிறன், நடக்கிறன். எண்டாலும் வருசத்தில மூண்டு நாலு தரம் நாரி பிடிக்குது. கைரோபிராக்டரிட்டப் போனால் சுகமாயிருக்கு. விடத்தான் வேணுமோ?

விடவேண்டாம். நாலாவது பதிலில் சொன்ன சுவீடன் ஆட்கள் உங்களைப் போன்றவர்கள்தான். நடையை நிற்பாட்டாமல், மாதத்துக்கு ஒன்று என்று தொடங்குங்கள். சமையலறையில் தொங்கும் கலண்டரில் நாரி தொல்லை தந்த நாட்களை வட்டம் போடுங்கள். ஆறு மாதத்தில் வட்டங்களை எண்ணுங்கள். குறையவில்லை என்றால் காசு மிச்சம். குறைந்திருந்தால் இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள்.

இதைக் கேட்டவர் வங்கியில் வேலை செய்யும் ஒரு தம்பி. போன கிழமை கலண்டர் தாள்களைக் கிழித்துக்கொண்டே வந்துவிட்டார். மாசியில் ஆறு வட்டம், பங்குனியில் நாலு, சித்திரையில் புதுவருடத்துக்கு ஊருக்கு பஸ்ஸில் போய்வந்ததால் ஐந்து, வைகாசியில் ஒன்று. ஆனியில் தவணைக்குப் போக மறந்துவிட்டாராம், வட்டமும் இல்லை. ஆடிக்கு எடுத்த தவணையை வெட்டவா என்று கேட்டார். வெட்டவேண்டாம், ஆவணிக்குத் தள்ளுங்கள் என்றேன்.